நாக்கு வேண்டாத எழுத்து

மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, வாயை அகலத் திறக்கச் சொன்னார் பல் டாக்டர். தலைமையாசிரியை எழிலரசி திறந்தாள். “ராக்கெட் விடுறோம், குழாயில தண்ணி வரலையே டீச்சர்?” என்றார். “ஆ” என்றாள். அவர் அதை ஆமா என்று எடுத்துக்கொண்டார். “கம்ப்யூட்டரே ஆட்சி பண்ணினா லஞ்சமே இருக்காது.” பல்லை ஆட்டிப் பார்த்தார். “ஆ.” “பாத்தீங்களா, படிச்சவங்களுக்குப் புரியுது.” விலைவாசியை ஒருவழியாக முடித்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். “பதினோரு பிள்ளைக்கு ஒரு கவர்மென்ட் ஸ்கூலா? மூடிட்டு ஆளுக்கொரு செல்போன் கொடுத்துடலாம்.” அது அவளுடைய பள்ளிக்கூடம். எழப் பார்த்தாள். குறடு பல்லைப் பிடித்திருந்தது. “ஆ! ஆ!” “இதையே நாளைக்குக் கலெக்டரோட குறைதீர்க் கூட்டத்துல மனுவா கொடுத்துச் சொல்றேன். ஹெச்.எம்மே ஒத்துக்கிட்டாங்கன்னு சொன்னா அப்பீலே கிடையாது.” பல் வந்துவிட்டது. தாடையை விடாமலே குனிந்து கேட்டார்: “இப்ப வாய்விட்டுச் சொல்லுங்க, நான் சொன்னது சரிதானே?” இல்லை என்று சொல்வதற்கு நாக்கு எழும்பி அண்ணத்தைத் தொட வேண்டும். அவள் நாக்கு அடுத்தவருடையதைப்போல வாய்க்குள் கிடந்தது. அடிவயிற்றிலிருந்து முழு மூச்சையும் திரட்டிக் கத்தினாள். நாக்கு அசையத் தேவையில்லாத எழுத்துதான் வெளியே வந்தது.