மாமியார் வைத்த தேர்வு

“பொண்ணைக் குடுக்கறதுக்கு முன்னாடி நாலு கேள்வி கேட்டுக்கறேனுங்க தம்பி,” என்றார் ஜமீலா. ஒண்டிக்கடை என்ற ஊரில் மளிகைக்கடை நடத்துபவர்; மிளகு நிறுக்கும் அதே கண்ணால் இர்பானைப் பார்த்தார். அவர் மகள் நஸ்ரின் இல்லையென்றால் கல்யாணமே வேண்டாம் என்று தன் வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்த இர்பான், டீயைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தான்.

“ஒத்தை எஞ்சின் விமானம் எதனாலுங்க விழுது?”

“பெரும்பாலும் ஓட்டறவங்க தப்புதானுங்க மாமி. தொட்டியைத் தெறந்து பாக்காம, பெட்ரோல் முள்ளை நம்பிக் கெளம்பிடறாங்க.”

“மூடுபனி வந்தா?”

“திரும்பிடோணுங்க. எப்படியாச்சும் போய்ச் சேந்துடலாம்னு உள்ள பூந்தாத்தான் மலையில மோதுது.”

“மேல ஏறும்போதே எஞ்சின் நின்னா?”

“கெளம்பின எடத்துக்குத் திரும்பப் பாக்கக் கூடாதுங்க. மூக்கைத் தாழ்த்தி, நேரா முன்னால எறக்கிடோணும். வேகம் கொறையறப்ப திருப்பினா சாஞ்சு விழுந்துடும்.”

ஜமீலா அசந்துபோனார். “இத்தனையும் எப்படிங்க தெரியும்?”

“தூக்கம் வராம போன்ல படிச்சதுங்க. எனக்கு ராட்டினம் ஏறினாலே வாந்தி வருமுங்க மாமி. நஸ்ரின் என்னடான்னா தெனமும் விமானத்தை எடுத்துட்டு மேல போயிடறா!”

ஜமீலா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“அவ பைலட்டுக்குப் படிக்கச் சேந்ததிலிருந்து எனக்கும் தூக்கமில்லீங்க. அவங்க அத்தா படுத்ததும் கொறட்டை. இந்த ஊட்டுல கூட உக்காந்து பயப்படறதுக்கு ஒரு ஆள் இல்லாம நொம்பத் தவிச்சுப் போயிட்டேன். தேதியைக் குறிச்சுடலாமுங்க, மாப்பிள்ளை.”