அக்கரைக்குப் போன இன்ஸ்பெக்டர்

அழுதுகொண்டேதான் செல்லி துடுப்பைக் கையில் எடுத்தாள். பின்னே, அழாமல் என்ன செய்வாள்? பென்னாகரம் கரைத் துறையில் கவிழ்த்து வைத்திருந்த தோல் பரிசல்கள் அத்தனையும் அவள் கண்ணெதிரே எரிந்துகொண்டிருந்தன. தார் கருகிய புகையில் மூச்சு முட்டியது.

"மிச்சம் இருக்கிறது உன்னோடது ஒண்ணுதான்" என்றார் இன்ஸ்பெக்டர் ராஜரத்தினம். "எங்களை அக்கரைக்குக் கொண்டு போறியா, இல்லை இதையும் கொளுத்தட்டுமா?"

அவருக்கு அவசரம். மொரப்பூரில் தந்திக் கம்பியை அறுத்த பச்சியப்பன், காலில் குண்டு பாய்ந்த நிலையில், அன்று காலை இதே செல்லியின் பரிசலில்தான் காவிரியைத் தாண்டியிருந்தான். நடக்க முடியாமல் அக்கரையில் கொள்ளேகாலத்துக் காட்டில் கிடக்கிறான், பொழுது சாய்ந்ததும் மாதேஸ்வரன் மலையிலிருந்து ஆட்கள் வந்து தூக்கிப்போய்விடுவார்கள் என்று துப்புக் கிடைத்திருந்தது. பிடித்தால் பதவி உயர்வு. கோட்டை விட்டால் 1942-ஆம் வருஷத்து ஆகஸ்டு மாதத்தில் எந்த வெள்ளைக்கார துரையின் முகத்திலும் விழிக்க முடியாது.

செங்கல்பட்டுக்காரரான இன்ஸ்பெக்டர் காவிரியைப் பார்ப்பதே அன்றுதான் முதல் தடவை. வானம் மூடிக் கிடந்தது. புதுவெள்ளத்தில் ஒரு முழு மரம் அவருடைய வலக்கைப் பக்கமிருந்து வந்து, இடக்கைப் பக்கமாக ஓடி மறைந்தது. அதைப் பார்த்ததுமே அவர் தண்ணீரோரத்திலிருந்து ஓரடி பின்வாங்கினார்.

"கொண்டு போறனுங்க" என்று செல்லி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா ஒண்ணு சொல்லிப்புடறேன். காலையில அந்தாளக் கூட்டிக்கிட்டுப் போனவ நாந்தான். நாளைக்கே வந்தாலும் கூட்டிக்கிட்டுப் போவேன். என்னை என்ன வேணா பண்ணிக்குங்க."

"திமிரைப் பாருய்யா!" இன்ஸ்பெக்டர் சிரித்தார். "அவனைக் காட்டிக் கொடுக்கப் போறதே நீதான்டி!"

இன்ஸ்பெக்டரும் கான்ஸ்டபிள் ஏகாம்பரமும் ஏறியதும் செல்லி பரிசலைத் தண்ணீரில் தள்ளினாள்.

நடு ஆற்றுக்கு வந்ததும் பரிசல் சுற்ற ஆரம்பித்தது. முதலில் மெல்ல, பிறகு கிறுகிறுவென்று. பாறை, மரம், மேகம் எல்லாம் ஒன்றாகக் கலந்து ஓடின. இன்ஸ்பெக்டரின் தொப்பி ஆற்றோடு போயிற்று. ஏகாம்பரம் காலையில் தின்ற இட்லியும் கூடவே போயிற்று.

"ஏய்! என்னடி பண்றே?"

"சுழல் புடிச்சுக்கிச்சுங்க! எந்திரிக்காதீங்க, கவுந்துரும்! குந்திக்கிட்டுக் கண்ண மூடிக்குங்க. தொறந்தீங்கன்னா மயக்கம் போட்டுரும்!"

யார் பேச்சையும் கேட்டுப் பழகாத இன்ஸ்பெக்டர், அன்று ஒரு பரிசல்காரி பேச்சைக் கேட்டுக் கண்களை இறுக மூடிக்கொண்டார். குலதெய்வத்துக்கு மொட்டை போடுவதாகவும் வேண்டிக்கொண்டார்.

வெகு நேரம் கழித்துப் பரிசல் மணலில் மோதி நின்றது.

"கரை வந்திருச்சுங்க."

தள்ளாடி இறங்கிய இன்ஸ்பெக்டர், முகத்தைத் துடைத்தபடி ஆற்றைத் திரும்பிப் பார்த்தார். வெள்ளம் வலமிருந்து இடமாக, அதே மூர்க்கத்தோடு ஓடிக்கொண்டிருந்தது. "எதிரே நம்ம துறையைக் காணோமே?" என்றார் சந்தேகத்தோடு.

"தண்ணி ரொம்பக் கீழ இழுத்தாந்துருச்சுங்க. இந்த வெள்ளத்துல நேரா வந்து சேர முடியுங்களா?"

நியாயமாகத்தான் பட்டது. "நாங்க வர்ற வரைக்கும் இந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. ஓடினா சுட்டுடுவேன்!"

"நான் எதுக்குங்க ஓடறேன்?" என்று செல்லி மணலில் உட்கார்ந்து வெற்றிலை மடிக்க ஆரம்பித்தாள்.

புதர் புதராக, பாறை பாறையாக இருவரும் தேடினார்கள். முள் கிழித்துச் சட்டை கந்தலானது. ஒரு கரடியின் உறுமல் கேட்டு ஏகாம்பரம் மரத்தில் ஏறிக்கொள்ள, அவரை இறக்குவதற்குள் இன்ஸ்பெக்டருக்குத் தொண்டை வறண்டுவிட்டது. பச்சியப்பனின் ரத்தத் துளிகூடக் கண்ணில் படவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் கரைக்குத் திரும்பினார்கள். ஆற்றின் எதிர்ப்பக்கம் வரிசையாகத் தீப்பந்தங்கள் தெரிந்தன. யாரையோ தூளியில் தூக்கிக்கொண்டு சிலர் மலைமேல் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

"நம்ம ஆளுங்கதான் சார்! யாருக்கோ அடிபட்டிருக்கு போல" என்றார் ஏகாம்பரம்.

இன்ஸ்பெக்டர் கையை ஆட்டிக் கூப்பிட்டார். பந்தங்கள் நிற்கவில்லை. ஒவ்வொன்றாகக் காட்டுக்குள் மறைந்தன.

கடைசிப் பந்தம் மறையும் வரை செல்லி கண்கொட்டாமல் பார்த்தாள். பிறகு தாவிப் பரிசலில் ஏறி, ஒரே உந்தில் வெள்ளத்துக்குள் போய்விட்டாள். இன்ஸ்பெக்டர் துப்பாக்கியை உருவுவதற்குள் குண்டு எட்டாத தூரம் போயாயிற்று.

"ஏய்! எங்கடி போறே?" அவர் தொண்டை கிழியக் கத்தினார். "எங்களைத் திரும்பப் பென்னாகரம் கரையில கொண்டு போய் விடுடி!"

செல்லி பரிசலில் நிமிர்ந்து நின்றாள். அவள் குரல் ஆற்றின் இரைச்சலையும் மீறிக் கணீரென்று வந்தது.

"அதுக்கு எதுக்குங்க பரிசல்? பென்னாகரத்துக்கு நடந்தே போலாமுங்க!"