பாஸ்டரம்மாவின் குரட்டை

"தப்பா எடுத்துக்காதீங்க பாஸ்டர். பிரசங்க நேரத்துல பாஸ்டரம்மா குரட்டை விடறாங்க."

சபைச் செயலாளர் வீடு தேடி வந்து இதைச் சொன்னபோது, பாஸ்டர் மகளின் பள்ளிச் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். ஒரு கையில் இஸ்திரிப் பெட்டி, மறு கையில் மறுநாள் பிரசங்கத்துக்கான குறிப்பு.

வாரத்தில் ஆறு நாள் அவருக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. ஞாயிறு மட்டும் ஊழியம். சில சமயம் இரண்டும் கலந்துவிடும். கம்பெனியிலிருந்து போன் வந்தால் "ஸ்தோத்திரம், எந்த மாடி?" என்பார். போன மாதம் ஆசீர்வாதம் சொல்லி முடித்த கையோடு, "கதவுல யாரும் சாயாதீங்க" என்று சொல்லிச் சபையை அனுப்பி வைத்தார்.

செயலாளர் ஆராதனை முழுக்கப் பின்வாசல் கதவருகே நிற்பார். தாமதமாக வருகிறவர்களை முறைப்பது அவர் ஊழியம். அங்கிருந்து அவருக்குத் தெரிவதெல்லாம் முதுகுகள்தான். இரண்டாம் வரிசையில் பாஸ்டரம்மாவின் தலை ஒரு பக்கமாகத் தொங்குகிறதாம். அங்கிருந்துதான் சத்தமும் வருகிறதாம். ஐந்து வாரமாக இதே கதையாம்.

"பக்கத்துலயே என் வீட்டுக்காரி உட்கார்ந்திருக்கா, பாருங்க. ஆஸ்பத்திரியில ராத்திரி டியூட்டி முடிச்சுட்டு நேரா வர்றா. என்னிக்காவது தலை சாய்ஞ்சிருக்கா?"

அந்த நர்ஸம்மா மடியில் வேதாகமத்தைத் திறந்து வைத்து, நிமிர்ந்து, கண்மூடி உட்கார்ந்திருக்கும் பக்தியை மேடையிலிருந்து பார்த்துத்தான் பாஸ்டரே தெம்பு ஏற்றிக்கொள்வார்.

செயலாளர் கிளம்பும்போது கமிட்டியின் முடிவையும் சொல்லிவிட்டுப் போனார். நாளையும் குரட்டை கேட்டால், அடுத்த மாதத்திலிருந்து பிரசங்கத்துக்கு வேறு ஆள்.

வாரம் முழுக்க கிரீஸும் கையுமாக அல்லாடுகிற பாஸ்டருக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம்தான் உயிர். லிஃப்ட் நின்றால் எந்த ஸ்க்ரூவைத் திருகுவது என்று தெரியும். இதற்கு எதைத் திருகுவது?

மனைவியிடம் கேட்டார். "உண்மையைச் சொல்லு. நீ தூங்குறியா?"

அவள் துணி மடிப்பதை நிறுத்தவில்லை. "போன வாரம் மூணாவது குறிப்பை விட்டுட்டு நாலாவதுக்குத் தாவிட்டீங்க. நாளைக்காவது வரிசையா சொல்லுங்க."

தூங்கினவளுக்கு இது எப்படித் தெரியும் என்று அவர் யோசித்திருக்கலாம். அதற்குள் மகள் வாந்தி எடுத்தாள். இஸ்திரி போட்ட சீருடையின் மேலேயே.

காலையில் மகளுக்குக் காய்ச்சல். மனைவி வீட்டிலேயே இருந்துகொள்வதாகச் சொன்னாள். பாஸ்டருக்கு மகளை நினைத்துக் கவலைதான். ஆனால் குரட்டைக்கு ஆள் வரவில்லை என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷமும் எட்டிப் பார்த்தது. அதற்காக வெட்கப்பட்டுக்கொண்டே செருப்பை மாட்டினார்.

"என்னங்க, செயலாளர் வீட்டம்மா தனியா இருப்பாங்க. பக்கத்துல யாரையாவது உட்காரச் சொல்லுங்க. மறந்துடாதீங்க."

மறக்க மாட்டேன் என்றார். வழியெல்லாம் போனில், நான்காம் மாடியில் நின்றுபோன ஒரு லிஃப்டுக்கு வைத்தியம் சொல்லிக்கொண்டே போனதில் சுத்தமாக மறந்துபோனார்.

அன்றைய பிரசங்கத் தலைப்பு, விழிப்பாயிருத்தல்.

முதல் குறிப்பு நன்றாகப் போனது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதை அவர் மறக்காமல் ஆரம்பித்தபோது, ஜெனரேட்டரைக் கிளப்பியதுபோல ஒரு குரட்டை எழுந்தது.

எல்லோரும் பாஸ்டரம்மாவின் நாற்காலியைப் பார்த்தார்கள். அது காலியாக இருந்தது.

கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று செயலாளர் பின்வாசலிலிருந்து விறுவிறுவென்று வந்தார். இரண்டாம் வரிசைக்கு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

அவருடைய வீட்டுக்காரி. நர்ஸ் சீருடையில், நிமிர்ந்த முதுகோடு, மடியில் திறந்த வேதாகமத்தோடு, வாய் லேசாகத் திறந்தபடி நல்ல தூக்கத்தில் இருந்தாள்.

பதினாறு வருஷக் குடித்தனத்தில் அவர் இந்தக் குரட்டையைக் கேட்டதே இல்லை. அவளுக்கு என்றைக்குமே ராத்திரி டியூட்டிதான். அவள் தூங்குகிற பகல் நேரமெல்லாம் அவர் வேலையில் இருப்பார், இல்லாவிட்டால் கமிட்டியில்.

மேடையில் பாஸ்டருக்கு அப்போதுதான் விளங்கியது. நர்ஸம்மா தூங்கினால் ஆளாளுக்கு உலுக்கி எழுப்புவார்கள். பாஸ்டர் மனைவியை எழுப்ப யாருக்குத் துணிச்சல் வரும்? அதனால்தான் அவள் ஐந்து வாரமாகத் தன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, ஒரு வார்த்தை விடாமல் பிரசங்கத்தைக் கேட்டிருக்கிறாள். மூன்றாவது குறிப்பு மறுபடியும் பறந்துபோனது.

செயலாளர் மனைவியை எழுப்பத்தான் கையை நீட்டினார். பாதி வழியில் அவர் கண் கீழே போனது. அவள் ஷூவைக் கழற்றி வைத்திருந்தாள். இரண்டு பாதமும் வீங்கிக் கிடந்தன.

நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். பக்கத்திலிருந்த காலி நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். தலையை ஒரு பக்கமாகத் தொங்கப்போட்டார். பிறகு மனைவியின் சத்தம் அமுங்கிப்போகிற அளவுக்கு ஒரு குரட்டை விட்டார்.

பாஸ்டர் ஒன்றும் நடக்காததுபோல நாலாவது குறிப்புக்குத் தாவினார்.

சாயங்காலம் கமிட்டி கூடியது. வழக்கம்போல மினிட் புத்தகத்தில் செயலாளரே தம் கைப்பட எழுதினார்:

"ஆராதனையில் குரட்டை விடுபவர் செயலாளர் என்று தெரியவந்தது. ஆறு வாரமாகவே விட்டு வருகிறார். கமிட்டி அவரை வன்மையாகக் கண்டிக்கிறது."