ஒரு சின்ன சந்தேகம்

“ஐயா, எனக்கு ஒரு சின்ன சந்தேகம்.”

மூன்றாவது வரிசையில் அந்த நரைத்த தலை மறுபடி எழுந்ததும் கூட்ட அறையே ‘உச்’ கொட்டியது.

“இது எட்டாவது சந்தேகம், அண்ணி,” என்றாள் செடி நர்சரிக்காரியின் நாத்தனார், விரல் விட்டு எண்ணி.

நர்சரிக்காரிக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. “கடைசி பஸ் போனப்புறம்தான் இவர் உட்காருவார் போல!”

சுற்றுச்சூழல் வாரியம் கூட்டிய கூட்டம் அது. இந்த ஆண்டுத் திட்டத்தில் ஏரிகளுக்குத்தான் முதலிடம். ஆறு ஏரிகளில் களை எடுத்து, கரை அரிக்காமல் இருக்க நாணலும் கோரையும் நட வேண்டும். டெண்டர் போட விரும்புகிறவர்கள் வந்து விவரம் கேட்டுக்கொள்ளலாம் என்று அறிவித்திருந்தார்கள்.

நர்சரிக்காரிக்கு இதுதான் முதல் டெண்டர். அடுக்குமாடிக்காரர்கள் செடி வாங்குவதை நிறுத்தியதிலிருந்து அவளிடம் வேலை பார்க்கும் ஆறு பெண்களும் பாதி நாள் சும்மாதான் உட்கார்ந்திருந்தார்கள். இது கிடைத்தால் பிழைத்தார்கள். இல்லாவிட்டால் நர்சரியை இழுத்துப் பூட்ட வேண்டியதுதான்.

“ஆறு ஏரிக்கும் சேர்த்துத்தான் போடணுமா? ஒரே ஒரு ஏரிக்கு மட்டும் போடலாமா?” என்றார் நரைத்த தலைக்காரர்.

முன்வரிசையில் ஒரு பெரிய கான்ட்ராக்டர் சிரித்தார். “சந்தேகம் சார், எங்களுக்கும் வீடு வாசல் இருக்கு!”

அறை முழுக்கச் சிரிப்பு. சந்தேகம் சாரும் கூடவே சிரித்தார். உட்காரவில்லை.

“ஒண்ணுக்கு மட்டும் போடலாம்,” என்றார் திட்ட அலுவலர், பொறுமையை இழுத்துப் பிடித்துக்கொண்டு.

அதற்குள் நாத்தனார் கையிலிருந்த தாளை நீட்டினாள். “அண்ணி, இதைப் பாருங்க. ‘இதே போன்ற பணி மூன்று செய்திருக்க வேண்டும்.’ நாம எந்த ஏரியில நட்டோம்?”

நர்சரிக்காரி தாளை வாங்கிப் பார்த்தாள். “பள்ளிக்கூடக் குளம், ஆஸ்பத்திரிக் குட்டை, அந்தக் குடியிருப்புத் தாமரைக்குளம். மூணு இருக்கு. ஆனா அதெல்லாம் சேருமான்னு தெரியலையே!”

“கேளுங்க.”

“நீ கேளு.”

“அம்மாடி! இத்தனை பேர் முன்னாடியா? எனக்கு வாயே வராது.”

நர்சரிக்காரி பாதி எழுந்தாள். முன்வரிசையில் நாலு தலை திரும்பியது. நாற்காலியைச் சரிசெய்வதுபோல் பாவனை பண்ணி உட்கார்ந்துவிட்டாள்.

“வா, போகலாம். இது பெரிய ஆளுங்க விஷயம். நமக்குச் சரிப்படாது.”

பையை எடுத்துத் தோளில் மாட்டும்போது மறுபடியும் அதே குரல்.

“ஐயா, ஒரு சின்ன சந்தேகம். ‘இதே போன்ற பணி’ன்னா ஏரி மட்டும்தானா? பள்ளிக்கூடக் குளம், ஆஸ்பத்திரிக் குட்டை, இதெல்லாம் கணக்குல சேராதா?”

நர்சரிக்காரிக்குச் சுருக்கென்றது.

“பார்த்தியா! காதை நம்ம பக்கம் தீட்டி வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கார். நம்ம வாயில இருந்ததை அப்படியே பிடுங்கிட்டார். போட்டிக்கு வந்த ஆளுடி இவர்!”

அலுவலர் பக்கத்திலிருந்த பொறியாளரிடம் ஏதோ கிசுகிசுத்தார். பிறகு நிமிர்ந்தார்.

“சேரும். எந்த நீர்நிலையா இருந்தாலும் சேரும். எல்லாருக்கும் எழுத்துலயே அனுப்பிடறோம்.”

துணிந்து ஒரே ஒரு ஏரிக்கு, ஆறிலும் சின்னதுக்கு, டெண்டர் போட்டார்கள். தபால்காரரைக் கண்டால் நாத்தனார் வாசலுக்கு ஓடுவாள். ‘அந்தச் சந்தேகம் சார் எவ்வளவு குறைச்சுப் போட்டிருப்பாரோ’ என்று நர்சரிக்காரி உள்ளுக்குள் பொருமிக்கொண்டே இருந்தாள்.

இரண்டாவது மாதம் கடிதம் வந்தது. அவர்களுக்குத்தான் வேலை!

நாத்தனார் கடிதத்தை நாலு தரம் படித்துவிட்டு ஐந்தாம் தரம் அழுதாள். ஆறு பெண்களும் அன்றைக்கே கோரைக் கிழங்கைப் பிரித்து நாற்றுக்குப் போட ஆரம்பித்துவிட்டார்கள். யாரும் சொல்லவே வேண்டியிருக்கவில்லை.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடப் போனபோது, நர்சரிக்காரி வெள்ளைப் பூ பூத்த ஒரு தொட்டியைக் கையோடு எடுத்துப் போனாள்.

“சார், நீங்க அன்னிக்குக் குளமும் சேரும்னு சொல்லலைன்னா நாங்க பாதியிலயே எழுந்து போயிருப்போம். எட்டுக் குடும்பம் உங்களை மறக்காது.”

அலுவலர் பதறிக் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். “ஐயையோ, கான்ட்ராக்ட் எடுத்தவங்க கையிலேர்ந்து நான் ஒரு இலை கூட வாங்கக் கூடாதும்மா. அதுவும் இல்லாம, எனக்கு எதுக்கு நன்றி? அவர் கேட்டிருக்காட்டி எனக்கு அது தோணியே இருக்காது. தொட்டியை அவருக்குக் கொடுங்க.”

“யாரு, அந்தச் சந்தேகம் சாருக்கா?” அவள் முகம் சுருங்கியது. “அவரும் எங்களை மாதிரி டெண்டர் போட்டவர்தானே சார்?”

“அவரா? அவர் கம்பெனியை மூடி நாலு வருஷம் ஆச்சும்மா. ‘புதுசா வர்றவங்க கூச்சப்பட்டுக்கிட்டுக் கேட்காமலே திரும்பிப் போயிடறாங்க. நான் கேட்டா நாலு பேர் சிரிப்பாங்க, அவ்வளவுதானே’ன்னு, கூட்டத்துக்குக் கூட்டம் வந்து கேட்டுட்டுப் போறார்!”