பன்னிரண்டுக்கு மேல் விழுந்தால்

"முதலிலை ஒரு பாத்திரம் எடுங்கோ, அப்பா" என்றாள் றெபேக்கா.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. இத்தாலியின் பலெர்மோ நகரத்துக் கால்சாப் பகுதியில் ஓர் உணவகத்தில் பத்தொன்பது வருடமாகப் பாத்திரம் கழுவுகிறவன் நான். ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து சாரத்தைக் கட்டிக்கொண்டு ஆறுதலாக இருக்கிற நேரத்திலுமா?

அவள் சொன்னது அந்தப் பாத்திரம் இல்லையாம். விளையாட்டில் நான் யாராக நடிக்கப்போகிறேன் என்பதாம். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்த சொல்லை எங்கே கொண்டுவந்து வைக்கிறாள் பாருங்கள்.

என் மனைவி அகஸ்ரீனா அடுப்படியில் நின்று சிரித்தாள். எட்டு நாளைக்குப் பிறகு எங்கள் வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு.

எட்டு நாளாக நானும் மகளும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. வடக்கே தொரினோ நகரத்தில் பொறியியல் படிக்க இடம் கிடைத்திருக்கிறது, போகட்டுமா என்று கேட்டாள். கூடாது என்றேன். நாளை மத்தியானத்துக்குள் பதில் எழுதாவிட்டால் இடம் போய்விடும்.

இப்போது அவளே வலிய வந்து விளையாடக் கூப்பிடுகிறாள். எந்தத் தகப்பன் மாட்டேன் என்பான்? போய் இருந்தேன்.

சனிக்கிழமைகளில் அவளும் கூட்டாளிகளும் கபோப் பகுதியில் ஒரு சிநேகிதி வீட்டில் கூடி மணிக்கணக்காக இதைத்தான் விளையாடுவார்கள். நான் ஒருநாளும் என்னவென்று கேட்டதில்லை. பலகையும் இல்லை, காயும் இல்லை. ஒரு தாள், ஒரு பென்சில், இருபது முகமுள்ள ஒரு தாயக்கட்டை. அவள் கதை சொல்வாளாம். நான் கதைக்குள் புகுந்து, அந்த ஆளாகவே பேசவேண்டுமாம். என் பேச்சு எடுபட்டதா இல்லையா என்பதைக் கட்டை சொல்லுமாம்.

நான் படைத்தளபதி என்றேன்.

புதிதாக வருகிறவர்களுக்குப் பாத்திரத்தைத் தானே கொடுப்பதுதான் வழக்கம் என்று சொல்லித் தாளை நீட்டினாள். பத்தொன்பது வயதுப் பெட்டை. மீன்பிடிகாரனின் மகள். துறைமுகத்தில் கப்பல் நிற்கிறது. அதில் ஏறி வடக்கே படிக்கப் போகவேண்டும். அதற்குத் தகப்பனிடம் சம்மதம் வாங்கவேண்டும்.

தகப்பனாக நடிப்பது அவள்.

அடி கள்ளி, இதுக்குத்தானா கூப்பிட்டாய் என்று எழும்பப் பார்த்தேன். ஆனால் எழும்பினால் தோற்ற கணக்கு. எனக்குத் தோற்பது பிடிக்காது.

அவள் ஒரு காலை மடித்துக் கதிரையில் வைத்தாள். மூக்கை ஒருதரம் உறிஞ்சினாள். சாட்சாத் நானேதான்.

"சனம் என்ன கதைக்கும்? இஞ்சை இல்லாத படிப்போ அங்கை கிடக்கு?"

பலெர்மோவில் பிறந்த பிள்ளை. என் குரல், என் சொல், என் மன்னார் இழுவை எல்லாம் அச்சொட்டாக வந்தது. அகஸ்ரீனா வாயைப் பொத்திக்கொண்டாள்.

நானும் விடவில்லை. சனமா வந்து எனக்குப் படிப்பிக்கப் போகுது என்று கேட்டேன். அங்கே என்ன படிப்பு இருக்கிறது என்று ஒருநாளாவது விசாரித்தீர்களா என்று கேட்டேன். இவ்வளவு நியாயம் எனக்குள் எங்கே கிடந்ததோ தெரியாது, வாயைத் திறக்கத் திறக்க வந்துகொண்டே இருந்தது.

தகப்பன் மடித்த காலை இறக்கினான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"நீ போனா நான் ஆரோடை கதைக்கிறது, பிள்ளை?"

இதை நான் அவளிடம் சொன்னதே இல்லை. அகஸ்ரீனாவிடம்கூடச் சொன்னதில்லை. எனக்கு நானே சொல்லிக்கொண்டதும் இல்லை. வேலையால் வந்து நான் சாப்பிடும்போது முன்னால் இருந்து, அன்றைக்கு யார் என்னை ஏசினார்கள், எந்தக் கோப்பை உடைந்தது என்று எல்லாம் கேட்கிறவள் அவள்தான்.

ஆனால் நான் மீன்பிடிகாரனின் மகள் அல்லவா? பதில் சொல்லத்தானே வேண்டும்.

"ஒவ்வொரு நாளும் போன் எடுப்பன், அப்பா. நான் மறந்தா நீங்கள் எடுங்கோ."

றெபேக்கா ஒரு பீட்சா அட்டையை மடித்து மறைப்பாக நிறுத்தி, அதற்குப் பின்னால் கட்டையை உருட்டினாள். பன்னிரண்டுக்கு மேல் விழுந்தால் தகப்பன் சம்மதிப்பான். குனிந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"மூண்டு" என்றாள். "அவர் மாட்டன் எண்டிட்டார். கப்பல் போயிட்டுது."

எனக்கு வந்த கோபம்! இவ்வளவு சொல்லியும் மசியாதவன் என்ன தகப்பன், அவனுக்கு இருப்பது நெஞ்சா கல்லா என்று மேசையில் அடித்துக் கத்தினேன். கத்தி முடித்த பிறகுதான் யாரைத் திட்டினேன் என்று உறைத்தது.

அவள் தேத்தண்ணி போடுகிறேன் என்று எழும்பி, முகத்தைக் காட்டாமல் அடுப்படிக்குப் போனாள்.

நான் மெல்ல எட்டி அட்டைக்குப் பின்னால் பார்த்தேன்.

கட்டையில் இருபது விழுந்திருந்தது.

விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியபோது, இப்படி ஒரு கெட்டிக்காரியை நானா பெற்றேன் என்று இருந்தது. கட்டை கொடுத்த சம்மதத்தை அவள் வேண்டாம் என்றிருக்கிறாள். நான் பார்த்தேன் என்று இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை.

அட்டையைத் தொடாமல், அடுப்படிப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தேன்.

"தொரினோவிலை குளிர் கூடவாம். நாளைக்கு ஒரு தடிச்ச ஜக்கெற் பாக்கோணும்."

தேத்தண்ணி வர வெகுநேரம் ஆயிற்று.