அடுத்த வரி

“இன்னாடி இது! தகர டப்பாவுல கல்லப் போட்டு உருட்டறா மாதிரி கீது. இதுக்குப் பேரு பாட்டா?”

பொன்னம்மாள் காதைப் பொத்திக்கொண்டாள். பக்கத்தில் மருமகள் வடிவுக்கோ கால் தானாகத் தாளம் போட்டது. மடியில் இருந்த குழந்தையும் கூடவே குதித்தது.

ஆவடி குவார்ட்டர்ஸ் மைதானத்தில் தொண்ணூற்றிரண்டாம் வருஷப் பொங்கல் விழா. மேடையில் எதிர் வீட்டு கஜபதியும் மூன்று கூட்டாளிகளும். ‘டீசல் பாய்ஸ்’ என்று பேர். எலெக்ட்ரிக் கிடார், டிரம்ஸ், எல்லாம் சொந்தப் பாட்டு. சினிமாப் பாட்டு மருந்துக்குக்கூடக் கிடையாது.

“சினிமாப் பாட்டு போடு மாமே!” பின்னாலிருந்து விசில் பறந்தது.

விழாச் செயலாளர் பக்தவத்சலம் மைக்கைப் பிடுங்கினார். “தம்பிங்களா, இன்னும் ஒரே பாட்டு. அதுவும் எடுபடலைன்னா இறங்கிடணும். அப்புறம் இந்த மேடைப் பக்கமே வரக் கூடாது.”

வடிவின் கால் தாளத்தை நிறுத்தியது. அந்த ஒரு பாட்டு அவள் எழுதியது!

“அக்கா, நம்ம ஜனங்க கேட்டதும் பாடற மாதிரி ஒண்ணு எழுதிக் குடுக்கா” என்று கஜபதி கெஞ்சியிருந்தான். குழந்தை தூங்கும் நேரத்தில் எழுதிக் கொடுத்தாள். வெளியே தெரிந்தால் போச்சு. கல்யாணமானவள் வயசுப் பையனுக்குப் பாட்டு எழுதித் தந்தாள் என்று குவார்ட்டர்ஸே வாயில் போட்டு மெல்லும்.

டிரம்ஸ் அதிர்ந்தது.

“அடிச்சா வருமா தண்ணி, ஏ பம்பே,
அழுதா வருமா தண்ணி?”

விசில் நின்றது. பெண்கள் நிமிர்ந்தார்கள்.

“ஏய், இது நம்ம தெரு பம்புடி!”

ஒரே சிரிப்பு. இரண்டாம் தடவை கூட்டமே சேர்ந்து பாடியது.

அவ்வளவு பெரிய சத்தத்தைக் கஜபதி எதிர்பார்க்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில் அடுத்த வரி மறந்தே போய்விட்டது. கிடாரை மட்டும் சுரண்டிக்கொண்டு வடிவு இருந்த பக்கம் திருதிருவென்று பார்த்தான்.

மறுபடி விசில். பக்தவத்சலம் மேடைப் படியில் கால் வைத்தார்.

ஆனது ஆகட்டும் என்று வடிவு எழுந்தாள். வாயைத் திறப்பதற்குள் பொன்னம்மாள் கையைப் பிடித்து இழுத்தாள்.

“உக்காருடி! நீ கத்தற எடமா இது?”

வடிவு உட்கார்ந்தாள். கண்ணில் நீர் முட்டியது.

அடுத்த நொடி பொன்னம்மாளே எழுந்தாள். முந்தானையை இடுப்பில் செருகினாள். கையை வாயருகே குவித்துக்கொண்டு கூவினாள்:

“கொடம் நாலு நிக்குது வரிசையில,
கொழந்த அழுவுது தூளியில!”

கஜபதி அப்படியே பிடித்துக்கொண்டான். டிரம்ஸ் இடி இடித்தது. மைதானமே எழுந்து ஆடியது. “ஒன்ஸ் மோர்! ஒன்ஸ் மோர்!” பக்தவத்சலத்தின் தலையும் ஆடியது.

வடிவு மாமியார் பக்கம் திரும்பினாள். “அத்தே... உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“மூணு மாசமா அடுப்பாண்ட அத்தத்தானே முணுமுணுத்துகினு கீற! நான் இன்னா செவுடா?”

குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்ட பொன்னம்மாளின் குரல் இறங்கியது.

“நீ கத்திருந்தா நாளைக்கு பம்பாண்ட உம் பேரு நாறும். நான் கத்தினா, கெழவிக்குக் கிறுக்குன்னு சிரிச்சிட்டுப் பூடுவாளுங்க.”