கை நனைக்கும் முன்

பழம் வாங்க பைக்கில் போன வேம்புலி, பழமும் இல்லாமல் பைக்கும் இல்லாமல் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார்.

“வண்டி எங்கடா?” என்றாள் அவர் அம்மா கன்னியம்மா.

“அட, பழக்கடை வாசல்லயே கீதும்மா.” சிரித்துக்கொண்டே உள்ளே நுழைந்தவர், நாற்காலியில் இருந்த நடேசனைப் பார்த்துக் கை கூப்பினார். “வாங்க தணிகாசலம் சார், சௌக்கியமா?”

மாப்பிள்ளை வீடு பார்க்கக் கள்ளிக்குப்பம் வந்திருந்த நடேசன், பக்கத்தில் இருந்த மனைவியைத் திரும்பிப் பார்த்தார். இந்த வேம்புலி, மாப்பிள்ளை ஜீவாவின் அண்ணன். “அந்த ஊட்ல ஒருத்தருக்கு ரெண்டு வருசம் முன்னாடி வண்டில உழுந்து மண்டைல அடி, பாத்தா ஒண்ணும் தெரியாது” என்று தரகர் அப்பாவு அரைகுறையாகச் சொல்லி வைத்திருந்தார். பார்த்தால் தெரியாதாமே, இங்கே தெருவுக்கே தெரிகிறதே.

ஆனால் ஜீவாவை எப்படி விடுவது? பதினோரு வரனை உதட்டைப் பிதுக்கித் தள்ளிய மகள் நிஷா, பெண் பார்க்க வந்த இவனைப் பார்த்துத்தான் முதன்முதலாகச் சிரித்தாள். பையனும் தங்கக் கம்பி. இன்றைக்கு இங்கே பேச உட்கார்ந்ததும் டிவியை அணைத்தான், நடேசன் சொன்ன சொந்தக்காரர் பேரையெல்லாம் ஒன்று விடாமல் குட்டி நோட்டில் எழுதிக்கொண்டான்.

“பெரியவங்க பேச்சுக்கு இன்னா மரியாதை பாத்தீங்களா?” என்று நடேசன் மனைவி பூரித்துப் போனாள்.

இலை போட்டாயிற்று. இந்த வீட்டில் கை நனைத்தால் சம்பந்தம் முடிந்தது. நனைக்காமல் எழுந்தால் அதோடு சரி. நடேசன் சோற்றைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

வேம்புலி மூக்கில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வீடெல்லாம் கண்ணாடியைத் தேடினார். கிடைக்காமல் வந்து, தண்ணீர் டம்ளரில் பாயசத்தை ஊற்றினார்.

“நாளைக்கு இவரு நம்ம பொண்ணு தலைல உழுந்தா?” என்று மனைவி காதைக் கடித்தாள்.

நடேசன் வேம்புலியை நிமிர்ந்து பார்த்தார். வழியும் வியர்வையைத் துடைக்கக்கூட நேரமில்லாமல் மனுசன் ஓடி ஓடிப் பரிமாறிக்கொண்டிருந்தார், முகத்தில் கள்ளம் கபடம் மருந்துக்கும் இல்லை. நடேசனுக்கு மனசு அப்படியே இளகிவிட்டது.

“கன்னியம்மா, அப்பாவு எல்லாம் சொன்னாரு,” என்றார் தொண்டையைச் செருமிக்கொண்டு. “தலைல அடிபட்டா அது ஒரு குத்தமா? யாருக்கு வேணா நடக்கும். அடிபட்டவரும் இனிமே எங்க ஊட்டு மனுசந்தான். நான் ஒரு தபா சொன்னா சொன்னதுதான்.”

கன்னியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நடேசன் மனைவி, புருஷனைப் பெருமையாகப் பார்த்தாள்.

“இந்த மனசு யாருக்கு வரும் தணிகாசலம் சார்,” என்று தழுதழுத்த வேம்புலி, கிண்ணத்து நெய்யை மொத்தமாக அவர் இலையில் கவிழ்த்தார்.

நடேசன் எட்டி அவர் தோளை ஆதரவாகத் தட்டினார். “நீங்க ஒண்ணுக்கும் கவலைப்படாதீங்க தம்பி, என் பொண்ணு உங்களைக் கண்ணு மாதிரி பாத்துப்பா.” சொல்லிவிட்டுச் சோற்றில் கை வைக்கப் போனார்.

பாய்ந்து வந்து அந்தக் கையைப் பிடித்தான் ஜீவா.

“இருங்க மாமா, அடிபட்டது எனக்கு. அண்ணன் பொறந்ததுலருந்தே இப்டித்தான்.”